பன்னிரண்டரை

"பன்னெண்டரை எப்படிண்ணே வரும்? மூணாவது தடவையா இதையே எழுதியிருக்கீங்க!"

ஆம்பூரில் ஒரு சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பு. பிரிசில்லா மிஸ் நீட்டிய தாளைப் பார்த்துக் கோதண்டராமன் தலையைச் சொறிந்தார். 12² என்ற கணக்குக்கு அவர் எழுதிய விடை அது. வர்க்கம் வந்த கணக்கெல்லாம் இதே கதிதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வீட்டில் வேறு கேலி.

"கை தானா எழுதுது மிஸ். இன்னான்னே புரியல, பேஜாரா இருக்கு."

"பயப்படாதீங்க, பாஸ் பண்ணிடுவீங்க."

"பண்ணியே ஆவணும் மிஸ். ஷெட்டுல இருபத்திரண்டு வருஷமா தோல் அளக்குறேன். இந்த சர்டிபிகேட் வந்தா சீனியாரிட்டில சூப்பர்வைசர் வேலை எனக்கு. வரலன்னா வாணியம்பாடி யூனிட் இன்பராஜுக்குப் போய்டும். இன்டர்வியூல பார்த்தேன். டிகிரி படிச்ச திமிரு மூஞ்சிலயே தெரியுது."

பிரிசில்லா திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள்.

மறுநாள் வந்ததும் வராததுமாக அவரிடம் கேட்டாள். "அண்ணே, தோல் அளக்குறப்போ பன்னெண்டு எழுதி, மேல குட்டியா ரெண்டு போட்டா என்ன அர்த்தம்?"

"ரெண்டு கால், அதாவது அரை. பன்னெண்டரை சதுர அடி…" சொல்லும்போதே அவருக்குப் பொறி தட்டியது. "அடடா! ஷெட்டுப் பழக்கம் இங்க வந்து உட்கார்ந்துகிச்சே!"

"பரீட்சைல கால், அரை எல்லாம் கிடையாது. அதே எண்ணால பெருக்கணும். பன்னெண்டு பன்னெண்டு?"

"நூத்தி நாப்பத்தி நாலு! ஆமா, ஷெட்டு சமாச்சாரம் உங்களுக்கு யாரு மிஸ் சொன்னது?"

"விசாரிச்சேன்" என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

பரீட்சையில் எழுபத்தொரு மதிப்பெண். பின்னாலேயே சூப்பர்வைசர் ஆர்டரும் வந்தது. கோதண்டராமனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, முகவரி விசாரித்துப் போய் மிஸ் வீட்டு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவன் இன்பராஜ்.

கோதண்டராமன் ஓரடி பின்வாங்கினார். இனிப்புப் பெட்டியை எங்கே மறைப்பது என்று தெரியாமல் அவமானத்தில் கூசிப்போனார்.

"வாங்கண்ணே, வாழ்த்துகள்!" இன்பராஜ் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்தான். "பிரிசில்லா, உன் ஸ்டூடண்ட் வந்திருக்காரு பாரு!" பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தான். "அன்னிக்கு உங்க பேரு போட்ட தாளைக் கொண்டாந்து, 'இவரு ஏங்க பன்னெண்டரைன்னே எழுதுறாரு?'ன்னு என்கிட்ட கேட்டா. தோல் அளந்த கை அப்படித்தான் எழுதும்னு நான்தாண்ணே சொல்லி அனுப்புனேன்."