கட்டம் போட்ட துண்டு

போன் இருண்டது.

இருட்டு இல்லை. துண்டு. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடன் தோளில் எப்போதும் கிடக்கும் கட்டம் போட்ட துண்டு. அப்பாவின் அறைக் கேமராவின் மேல் விழுந்திருந்தது.

இன்றைக்கும்.

அவள் ஆட்டோவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா."

"நான் போயிருவேன். சிக்னல் விடோணுமில்லீங்க?" என்றார் ஓட்டுநர்.

துண்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாளி இழுபடுகிறது. கட்டில் கிறீச்சிடுகிறது.

பிறகு அப்பா முனகுகிறார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வார்த்தை இல்லை. முனகல்தான். வலியா, பசியா, கோபமா என்பது முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த முகத்தைத்தான் அவன் மூடிவிட்டான்.

கேமராவை அவள் மாட்டியது வீண்போகவில்லை. ஆடி மாதம் ஒரு நாள், துணைக்கு ஆள் வைப்பதற்கு முன்னால், அப்பா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். அலுவலகத்திலிருந்தபடியே போனில் பார்த்தாள். எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா கை மாவோடு ஓடிவந்து தூக்கினார். அன்று கேமரா இல்லாவிட்டால் அப்பா இல்லை.

அன்று முதல் அந்தச் சின்ன வெள்ளை உருண்டைக்கு முருகன் படத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

துபாயிலிருந்து அண்ணன் பார்க்கிறான். அண்ணி பார்க்கிறாள். சென்னையில் சித்தப்பா, சாப்பிடும்போது, தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறார். அப்பாவைப் பார்க்க யாரும் வருவதில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குடும்பக் குழுவில் அண்ணியின் செய்தி வந்து விழுந்தது.

"மறுபடியும் மூடிட்டான். அடிக்கறானோ?"

அடுத்தது அண்ணன்.

"போனதும் மொதல்ல துண்ட எடு. அப்புறம் ஆள அனுப்பிடு."

அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "தூசி படுதுங்க அம்மிணி" என்றான் செங்கோடன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

காலையில் கொஞ்ச நேரம், மதியம் கொஞ்ச நேரம் மட்டும் படிகிற தூசி. அவள் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வாசலில் மணி அடிக்கவில்லை. தன் சாவியால் ஓசையில்லாமல் திறந்தாள். கூடத்தைக் கடந்து, அப்பாவின் அறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

வெந்நீர் ஆவி. டெட்டால் வாசனை.

அப்பா ஒருக்களித்துக் கிடந்தார்.

உடம்பில் துணி இல்லை.

செங்கோடனின் ஒரு கை அவர் தோளைத் தாங்கியிருந்தது. இன்னொரு கை, ஈரத் துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தது. பச்சைப் பிள்ளையைத் துடைப்பதுபோல், அவ்வளவு மெதுவாக.

அப்பா மகளைப் பார்த்தார்.

கண்களை இறுக மூடிக்கொண்டார். அசைகிற ஒரு கை போர்வையைத் தேடியது. படுக்கை முழுவதும் தேடியது.

செங்கோடன் சட்டென்று குறுக்கே வந்து நின்றார். மடித்து வைத்திருந்த வேட்டியை உதறி அப்பாமேல் போட்டார்.

"செத்த வெளிய இருங்க அம்மிணி."

அவள் நகரவில்லை. கண் கேமராவின் மேல் தொங்கும் துண்டில் நின்றது. செங்கோடனும் அதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயாதானுங்க, நான் வந்த மொத நாளே அந்தக் கேமராவக் கை காட்டுனாரு. கண்ணுல தண்ணி வந்திருச்சு. இத எப்பிடிங்க உங்ககிட்டப் போயிச் சொல்றது?"

அவள் வெளியே வந்தாள். கதவைத் தானே சாத்தினாள்.

சின்ன வயதில், மலைக்கோயில். கூட்டம். அவள் அப்பாவின் தோள்மேல் இருக்கிறாள். அண்ணன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அபிஷேகம் முடிந்து சன்னிதியில் பட்டுத் திரை விழுகிறது. ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி. அவள் எட்டிப் பார்க்கிறாள். விபூதி மணக்கும் உள்ளங்கை வந்து அவள் கண்ணை மூடுகிறது.

"சாமிக்குத் துணி மாத்தறாங்க கண்ணு. திரை போட்டா நாம பாக்கக் கூடாது."

கையில் போன் அதிர்ந்தது. அண்ணன்.

"வந்துட்டியா? துண்ட எடுத்தியா?"

எழுதினாள், அழித்தாள். பிறகு எழுதி அனுப்பினாள்.

"திரை போட்டிருக்காங்கண்ணா."

அண்ணன் எதையோ தட்டுவது தெரிந்தது. நின்றது. மறுபடி தட்டினான். நின்றுவிட்டது.

உள்ளே தண்ணீர் சலசலத்தது. அப்பா முனகினார்.

முகம் பார்க்காமலே தெரிந்தது, அது வலி இல்லை.

அவள் சுவரோரம் ஒதுங்கி, கூப்பிடும்வரை காத்து நின்றாள். தலை தானாகக் குனிந்தது.

காலில் செருப்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.