ஜன்னலோரத் தையல் மெஷின்

துணி வெட்டும் மேசையில், சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவே, போக்கர் ஆட்டத்தில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் விரிந்து கிடக்கின்றன. கடைசியாக விழுந்தது ஒரு ராஜா. அண்ணியின் கைக்குள் இரண்டு ராணிகள். கொழுந்தன் கையில் இன்னொரு ராஜா இருந்தால், அந்த ஜோடி அவள் ராணிகளை வென்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பந்தயம் வைக்க வேண்டியவள் அவள்தான். கொழுந்தன் அவள் முகத்தைப் படித்துவிட்டுச் சாவகாசமாக முடிவெடுக்கிறான். பந்தயத்துக்குக் காசுக்குப் பதில் பட்டன்கள்; தடவைக்கு இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. அதனால் பெரிதாக வைத்து மிரட்டி அவனை விரட்டவும் வழியில்லை. ஜெயிப்பவருக்கு ஜன்னலோர மெஷின். அதன் சக்கரத்தில் மதிய வெயில் தகதகக்கிறது. “ராஜா வந்துட்டாரு அண்ணி. இப்பவாச்சும் பயப்படுங்க.” “கையில ராஜா வச்சிருக்கறவன் வாயைத் திறக்க மாட்டான், தம்பி.” இரண்டு சட்டைப் பட்டன்களை நகர்த்துகிறாள். அவன் பதிலுக்குக் காத்திராமல் எட்டி, இருட்டு மூலையில் இருக்கும் தன் மெஷினின் விளக்கை அணைக்கிறாள்.