கோரோசனைக் காசு

லீமா அந்தக் காசைத் தராசுத் தட்டில் வைக்கவில்லை. கடைப் பலகைக்கு மேலாகக் கையை நீட்டி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“சாரே, எடுத்துக்கிடுங்க. புது எடைக்கல்லு வாங்கியாச்சு, அப்பாட்டயும் கேட்டாச்சு. இனி எங்களுக்கு இது வேண்டாம்.”

திருவிதாங்கூர் சக்கரக் காசு செல்லாமல் போன வருடம் அது. கோட்டாறு கடைத்தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். பின்னால் ஒரு வண்டிக்காரர் ஒதுங்கச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கவில்லை.

கையில் இருந்தது சுண்டுவிரல் நகமளவு வெண்கலம். ஒரு பக்கம் ரோமாபுரி ராஜாவின் தலை. மூக்கு மட்டும்தான் மிச்சம். மறுபக்கம் பெருக்கல் குறி போல இரண்டு கோடு, நடுவே நிமிர்ந்து ஒரு கோடு, அதன் உச்சியில் சின்னக் கொக்கி. கிறிஸ்துவின் பெயரில் முதலில் வரும் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னிப் போட்ட முத்திரை.

ஆயிரத்தைந்நூறு வருடத்துக் காசு. கடல் தாண்டி வந்து மணக்குடிக் காயலில் விழுந்து, யாரோ வீசிய வலையில் ஏறி, லீமாவின் தாத்தா கைக்கு வந்து, கடைசியில் அவள் அப்பா அல்போன்ஸின் நாட்டு மருந்துக்கடையில் எடைக்கல்லாக உட்கார்ந்துவிட்டது. பழைய மருந்துக் கணக்கில் சரியாக இரண்டு பணவெடை. கோரோசனை நிறுக்க மட்டும் அதை எடுப்பார்கள்.

நான் ஏசுஅடிமை, மிஷன் பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காசு வைத்திருக்கிறேன். சிலுவை போட்ட ரோமக் காசுகூட உண்டு. இந்த முத்திரை மட்டும் இல்லை. முதல் தடவை இதைத் தராசில் பார்த்தபோது பலகை மேல் குனிந்து தட்டில் மூக்கை இடித்துக்கொண்டேன். அல்போன்ஸிடம் கெஞ்சிக் கேட்டேன். கடையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் சாரே, எடையைக் கேட்காதீர்கள், அப்பன் வைத்துவிட்டுப் போன கைராசி என்று சொல்லிவிட்டு மருந்து இடிக்க உள்ளே போய்விட்டார்.

சரி, தராவிட்டால் போகிறது. கண்ணாலாவது பார்க்கலாமே. சனிக்கிழமைதோறும் போய்க் கோரோசனை கேட்க ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது.

கோரோசனை மலிவான சரக்கு இல்லை. போதாததற்கு அது கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற மருந்து. நானோ கல்யாணமாகாதவன். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? எங்கள் அம்மை ராகேல் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, உண்மையைச் சொல்லு மக்கா, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டாள். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் சோறு போட்டாள்.

வாங்கியதை வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் உரைத்து உரைத்து ஊற்றினாள். அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் சளி கிடையாது.

கடையில் நிறுத்துத் தருவது எப்போதும் லீமாதான். டப்பியிலிருந்து காசை எடுத்து முந்தானையில் துடைப்பாள். முத்திரையை என் பக்கமாகத் திருப்பிக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பாள். பிறகுதான் தட்டில் வைப்பாள்.

அந்தக் காசு இப்போது என் கையில். நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளியிருக்க வேண்டும். நானோ அதைப் பையில்கூடப் போடவில்லை.

காசு கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வந்து நிற்பேன்? நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, அவர்கள் ஆர்.சி. கோவில்; பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. காசைப் பார்க்க வருகிறேன் என்றால் பைத்தியக்கார வாத்தியார் என்று விட்டுவிடுவார்கள். அவளைப் பார்க்க வருகிறேன் என்றால் விடுவார்களா? நான் எத்தனையோ வாரமாகக் காசைப் பார்க்கவே இல்லை, அதைப் பிடித்திருந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. நல்ல சரித்திர வாத்தியார்.

போகக் கால் வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்தப் புது எடைக்கல்லைக் காட்டச் சொன்னேன்.

லீமா கொஞ்சம் தயங்கினாள். பொட்டலம் கட்டும் நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு ஒரு சின்னப் பித்தளைக் கல்லைப் பலகையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எடுத்துப் பார்த்தேன். எந்தக் காசைக் கண்டாலும் அது எவ்வளவு காலம் கையில் புழங்கியது என்று பார்ப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். கல்லின் ஓரம் கறுத்திருந்தது. அடியில் உள்ள குழியில் கோரோசனை மஞ்சள் இறுகிப் போய், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

இது நேற்று வாங்கியது இல்லை. குறைந்தது ஒரு வருடமாகக் கோரோசனை நிறுத்துக்கொண்டிருக்கிற கல்.

ஊருக்கெல்லாம் இந்தக் கல். எனக்கு மட்டும் ரோமாபுரி ராஜா.

நிமிர்ந்தேன். காது வரை சிவந்துபோய், சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காசை எடுத்துத் தராசுத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

“இன்னைக்கும் இதுலயே நிறுத்துத் தா, லீமா.”

அவள் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே அல்போன்ஸின் உலக்கைச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து, முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

எங்கள் சபை ஐயரையும் அவர்கள் கோவில் சாமியாரையும் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காசு இன்றுவரை பிஸ்கட் டின்னுக்குள் போகவில்லை. இன்று காலையில்கூட ராஜா தட்டில் ஏறினார். லீமா நிறுத்தாள், நான் உரைத்தேன்.

எந்தப் பிள்ளைக்கு என்று அம்மை கேட்கவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, சீக்கிரம் கொண்டா லே என்றாள்.