கெண்டைக்கு ஒரு நிலா

"கொளம்பு வைக்கிற கெண்டைக்கு நெலா கேக்குதாக்கும்?"

இருளாண்டி வாசல்படியைத் தாண்டாமலே கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷமாகப் போர்மேன். தன் நிழல் பின்னால் வந்தால்கூட எதற்கு வருகிறாய் என்று கேட்கிற ஆள்.

"உள்ள வந்து பாருங்க அண்ணாச்சி. பார்த்துட்டுப் பேசுங்க" என்றாள் பஞ்சம்மாள்.

போன மாசம்தான் பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் கருகிப்போனது. வீட்டுக்குள் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு திருட்டு வெடி சுற்றியிருக்கிறார்கள். விளக்கு சாய்ந்தது, அவ்வளவுதான். தன் லைசென்சும் போய்விடுமோ என்று முதலாளி நடுங்கிப்போனார். எவன் வீட்டில் வெடிமருந்து இருந்தாலும் பிடித்துப் போலீசில் ஒப்படைக்கும்படி இருளாண்டிக்கு உத்தரவு.

அவர் நேராக வந்தது பஞ்சம்மாள் வீட்டுக்கு. சாயங்காலமானால் அவள் வீட்டு ஓட்டு இடுக்கில் நீல வெளிச்சம் தெரிகிறது என்று தெருவில் பேச்சு. தவிர, அவளைச் சித்திரையில் வேலையை விட்டு நிறுத்தியதே அவர்தான். சூரிய வெளிச்சம் தவிர வேறு விளக்கே நுழையாத, வெள்ளியாக மின்னும் அலுமினியப் பொடி கலக்கிற மருந்து அறைக்குள் கொண்டையில் இரும்பு ஊசியோடு வந்து நின்றாள். இரும்பு உரசினால் பொறி. அழுதாள், அவர் கேட்கவில்லை. புருஷன் இல்லாதவள், ரெண்டு பெண் பிள்ளைகள். இன்று மாட்டினால் அவள் ஜெயிலுக்கு, பிள்ளைகள் தெருவுக்கு.

இருளாண்டி உள்ளே நுழைந்தார். உள்ளறை பட்டப்பகலிலும் இருட்டு. பஞ்சம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் சுற்றிப் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் நிலா உதித்தது.

ஜன்னல் இருக்கவேண்டிய ஓட்டையில் கச்சிதமாக ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்கு அந்தப் பக்கம், வெளியே, அரிக்கேன் விளக்கு. நீலமும் வெள்ளையுமான வெளிச்சம் தண்ணீரில் இறங்கி அறைக்குள் வழிந்தது. சாணி மெழுகிய தரையிலும் விரித்துக்கிடந்த கோரைப்பாயிலும் அலை அலையாக ஆடியது. ஊசியில் நூல் கோத்துவிடலாம், ஆனால் கண் கூசவில்லை. நாலு கெண்டைக் குஞ்சுகள் தூங்குகிற மாதிரி மிதந்தன.

திரும்பி வந்தவளிடம், இதை எங்கே பார்த்தாய் என்று கேட்டார் இருளாண்டி.

விருதுநகரில் யாகூப் ராவுத்தர் கடையில் மீன் தொட்டி பார்த்தாளாம். கரண்டு விளக்கைப் பட்டென்று அணைத்தால் மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டுகிறது என்று அவர் ஒரு நீல பல்பு வைத்திருந்தாராம். இவளுக்குக் கரண்டுக்கு எங்கே போக? படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் கழித்த துண்டுகளை வாங்கி, தகரச் சட்டம் அடித்து, மூலைக்குத் தார் பூசியிருக்கிறாள். விளக்குக்குப் பின்னால் பிஸ்கோத்து டின்னை வெட்டிச் சாம்பல் போட்டுத் தேய்த்து நிறுத்தியிருக்கிறாள். முன்னால் நீலக் கண்ணாடித்தாள். எல்லாம் ரெண்டு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது என்றாள்.

"தாளு கம்பெனித் தாளா?"

"குப்பையில கெடந்தது அண்ணாச்சி."

முழங்காலில் உட்கார்ந்து தொட்டியின் நாலு மூலையையும் விரலால் தடவினார். ஈரமில்லை. கண்ணாடியைத் தட்டினார், தகரத்தை அசைத்தார். குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பாகப் போன மனுஷனுக்கு ஒரு குற்றமும் அகப்படவில்லை. மதுரைக்காரன் செய்தாலும் இத்தனை சுத்தம் வராது என்று மனசுக்குள் பட்டது.

அவள் நக ஓரம் வெள்ளியாக மின்னியது. அவர் அதைப் பார்ப்பதைக் கண்டவள், "மீனைத் தொட்டேன். செதிலு ஒட்டிக்கிடுச்சு" என்றாள்.

காதோரம் செருகியிருந்த பீடியை எடுத்தார். தீப்பெட்டிக்கு மடியைத் தடவினார்.

"வெளிய போய்க் குடிங்க அண்ணாச்சி. மீனுக்குப் பொகை ஆகாது."

சொல்லிக்கொண்டே அவருக்கும் கோரைப்பாய்க்கும் நடுவில் வந்து நின்றாள். இருளாண்டி அவளை ஏறிட்டார். கொண்டையில் ஊசி இல்லை, வெறும் நூலால் கட்டியிருந்தாள். பீடியைத் திரும்பக் காதில் செருகினார்.

வெளியே தெருவே கூடி நின்றது. என்ன அகப்பட்டது என்று ஒருத்தன் கேட்டான்.

"நாலு கெண்டை அகப்பட்டுச்சு. பைத்தியக்காரி அதுகளுக்கு நெலா கட்டி வச்சிருக்கா. போய் அவனவன் சோலியப் பாருங்கலே."

உள்ளே பஞ்சம்மாள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டது அவர் காதுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் முதலாளி முன்னால் போய் நின்றார். மருந்து அறை ஜன்னல்களுக்கு எட்டுக் கண்ணாடித் தொட்டி வேண்டும் என்றார். தீபாவளி ஆர்டர் பாதிகூட முடியவில்லை, இந்த நேரத்தில் மீன் வளர்க்கப் போகிறீரா என்று முதலாளி சிரித்தார். இருளாண்டி சிரிக்கவில்லை.

"மீன் வேண்டாம் மொதலாளி, தண்ணி போதும். தண்ணிக்கு அந்தப் பக்கம் வெளக்கு, இந்தப் பக்கம் மருந்து. பொழுது சாஞ்சாலும் பயமில்லாம வேலை நடக்கும். முப்பது வருஷமா எனக்குத் தோணாதது பஞ்சம்மாளுக்குத் தோணியிருக்கு. அவளைத் திரும்பச் சேத்துக்கிடுங்க, வீட்டுல அந்த வெளிச்சத்துல சுத்துற வெடிய இனிமே இங்கன வந்து சுத்தட்டும்."