கால் மணி நேர வேண்டுதல்

"நெஞ்சுல யாரோ கல்லத் தூக்கி வெச்ச மாரி கீது மாமா..."

கட்டிலில் சுருண்டு கிடந்த ரத்தினம்மாவின் கையைத் தணிகாசலம் விடவே இல்லை. குடிபாலாவிலிருந்து சித்தூர் ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் பிடித்து வந்த கை. கல்யாணமான நாளிலிருந்து தலைவலி என்றுகூடப் படுக்காதவள், இன்று இப்படி.

நர்ஸ் ஜமீலா அவள் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டையில் வைத்தாள். "ஈ.சி.ஜி.ல ஒண்ணும் தெரியல. இதுல தெரிஞ்சிடும்."

"ரிசல்ட்டு வர ராத்திரி ஆயிடும் இல்லம்மா?" ஈனக்குரலில் கேட்டாள் ரத்தினம்மா. "எங்க அண்ணன நாள் பூரா படுக்க வெச்சிருந்தாங்க."

"அது அப்போம்மா. இதுல கண்ணுக்கே தெரியாத நானோ துகள் பூசியிருக்குது. ஹார்ட்டு அடிபட்டா ரத்தத்துல ஒரு புரோட்டீன் கசியும், அதக் கப்புனு புடிச்சிடும். கால் மணி நேரம் போதும்."

ரத்தினம்மாவின் முகம் வாடிவிட்டது. பாவம், பயந்துவிட்டாள் என்று தணிகாசலம் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ஜமீலா அட்டையோடு போனதும், திருப்பதி இருக்கும் திசை பார்த்துக் கைகூப்பினார். "ஏடுகொண்டலவாடா, இவள எழுப்பி உட்டுடு. அலிபிரி அடிவாரத்துலருந்து நடந்தே மலையேறி வரேன்."

முனகல் நிற்கவில்லை.

"மொட்ட போட்டுக்கறேன். மீசையும் சேத்து."

வாரம் தவறாமல் மை தடவி வளர்த்த மீசை. முனகல் கொஞ்சம் அடங்கியது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

சட்டைப்பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இனிமே தொட மாட்டேன் சாமி. உம்மேல சத்தியம்."

பெண்டாட்டியிடம் செய்த சத்தியங்களை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் மலையானுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

"இப்ப எப்டி கீது ரத்னா?"

"இன்னும் கொஞ்சம் கீது மாமா. இங்க." வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பொழுது சாய்ந்தால் மாந்தோப்புக் கொட்டகையில் திறக்கிற பாட்டில். தணிகாசலம் எச்சில் விழுங்கினார். கண்ணை இறுக மூடினார்.

"ஏடுகொண்டலவாடா, இன்னிலருந்து நான் அந்த..."

கதவு திறந்தது. "ஒண்ணுமில்லம்மா, ஹார்ட்டு நல்லா இருக்குது. வீட்டுக்குப் போலாம்," என்றாள் ஜமீலா.

தணிகாசலம் திறந்த வாயை மூடிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தபோது, உள்ளே ரத்தினம்மாவின் குரல் கேட்டது. முனகலே இல்லாத, கணீரென்ற குரல்.

"பாட்டிலுக்கு வந்துக்கினு இருந்தாரு, அதுக்குள்ள நீ வந்துட்டியேம்மா."