மேசை மேல் நாற்காலி

செத்துப்போன அண்ணனின் படத்தை மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்று, மேசை மேல் நாற்காலியைப் போட்டு ஏறி நிற்கிறான் அவளுடைய கொழுந்தன். போன மாதம் பல்பு மாற்றுகிறேன் என்று அவள் கணவர் ஏறி விழுந்து செத்ததும் இதே மேசை, இதே நாற்காலிதான். ஜன்னல் வெயிலில் நாற்காலியின் ஆடும் கால் சுவரில் நிழலாக நடுங்குகிறது. அவள் நச்சரித்து வாங்க வைத்த ஏணி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கதவோரம் சாய்ந்திருக்கிறது. "தம்பி, ஏணி இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது?" "ரெண்டு நிமிஷ வேலை அண்ணி, அதை யாரு பிரிச்சுக்கிட்டு!" அவரும் இதையேதான் சொன்னார், ஒரு எழுத்துப் பிசகாமல். அவள் கையிலிருக்கும் படத்தில் பல் தெரியச் சிரிக்கிறார். சுத்தியல் ஓங்குகிறது, நாற்காலி கிரீச்சிடுகிறது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள் இப்போது நிதானமாகச் சொல்கிறாள்: "அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, பக்கத்துல இன்னொரு ஆணியும் சேர்த்து அடிச்சிடுங்க."