ஒரு தட்டு

அந்தப் பேரூராட்சியில் சம்மதம் என்றால் மேசையைத் தட்ட வேண்டும். ஏரிக்கரை நஞ்சையை வீட்டுமனையாக்கும் தீர்மானம் ஒரே ஒரு தட்டுக்காக மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. வயல்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த உறுப்பினர் அமிர்தவல்லி, கூட்டத்துக்குக் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அன்று மின்விசிறியும் ஓடவில்லை. தலைவர் அதே தீர்மானத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தபோது, அமிர்தவல்லியின் கை மேசைமேல் படாரென்று விழுந்தது.

"நிறைவேறியது" என்றார் தலைவர்.

"ஐயையோ, கொசு அடிச்சேங்க!"

"தட்டியாச்சுல்லம்மா. எல்லாரும் வீட்டுக்குப் போகணும்."

நாற்காலிகள் நகர்ந்தன, செருப்புச் சத்தம் வாசல்வரை போய் ஓய்ந்தது. அறை காலியாகும்வரை கையை எடுக்காமலே இருந்தார் அமிர்தவல்லி. பிறகு மெல்லத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மேசையையும் பார்த்தார்.

கொசு இல்லை.